கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பெற்றோர் வகுப்பு: எட்டுச் சனிக்கிழமைகளின் மதிப்பீடு

பேத்தி பிறந்து 25 நாள் ஆகியிருந்தபோது, கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் உள்ள ஒரு தனியார் குழந்தைகள் மருத்துவமனை நடத்தும் பெற்றோர் வகுப்பில் மகள் தன் பெயரைப் பதிவு செய்தாள். துணைக்குப் போனவள் நான். எட்டுச் சனிக்கிழமைகள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம், மொத்தக் கட்டணம் 2,400 ரூபாய். பச்சை உடம்புக்காரியை நாற்பது நாள் கழியுமுன் வாசல் தாண்ட விடலாமா என்று அக்கம்பக்கத்தில் கேட்டார்கள். இதே மகளை, குழந்தைக்கு மஞ்சள் காமாலை பார்க்க வேண்டும் என்று இரண்டு முறை அழைத்துப் போனபோது யாரும் கேட்கவில்லை. உடம்புக்கு என்றால் வாசல் திறக்கும், மனத்துக்கு என்றால் திறக்காது என்பது எங்கள் ஊர்ச் சட்டம் போலும்.

தாய்ப்பால், தடுப்பூசி, எடை போன்றவற்றுக்கான வகுப்பு அன்று இது. அவற்றைச் சொல்ல வேறு இடங்கள் இருக்கின்றன. பெற்றவளின் மனம், பச்சிளங்குழந்தையின் மனம், இவை இரண்டுக்கும் நடுவே பொறுமை கைமீறிப் போகும் சில நிமிடங்கள், அந்த நிமிடங்களில் குழந்தைக்கு நேரக்கூடிய தீங்கு ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதாகத்தான் அறிவிப்பிலேயே எழுதியிருந்தார்கள். முப்பது ஆண்டுகள் தமிழாசிரியையாக இருந்தவள் நான். பள்ளியில் எத்தனையோ பெற்றோர் கூட்டங்களை நடத்தியிருக்கிறேன். ஒன்றில்கூட இந்தப் பொருளை யாரும் எடுத்ததில்லை. குறைகளையும் எழுதப் போகிறேன் என்பதால் மருத்துவமனையின் பெயரைத் தவிர்க்கிறேன்.

இடத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மாடியில் ஒரு கூடம், கீழே விரிக்கப் பாய், இரண்டு மின்விசிறி, பால் கொடுக்கத் திரை மறைத்த ஒரு மூலை. படிக்கட்டு செங்குத்தானது, வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுத்தவர்கள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார்கள். பதினொரு தாய்மார் வந்திருந்தார்கள். அவர்களில் ஏழெட்டுப் பேர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். சிலர் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கமிருந்து வாக்கப்பட்டு வந்தவர்கள். வகுப்பை எடுத்த உளவியலாளர் பாலக்காட்டுக்காரர். மலையாளத்தில் தொடங்கி, எங்கள் முகங்களைப் பார்த்துத் தமிழுக்கு மாறி, இரண்டையும் கலந்து பேசுவார். பேச்சில் அது யாருக்கும் இடைஞ்சலாக இருக்கவில்லை. மாநில எல்லையில் வேலந்தாவளத்துக்கும் கோபாலபுரத்துக்கும் நடுவே வாழ்கிறவர்களுக்கு அதுதான் நடைமுறை மொழி. எழுத்தில்தான் அது இடைஞ்சலாயிற்று. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் வகுப்பு அறிமுகம். இரண்டாவதில் ஒரு காணொளியைக் காட்டினார்கள். அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரானிக் 1970-களில் வடிவமைத்த சோதனை அது. தாய் சில மாதக் குழந்தையோடு கொஞ்சி விளையாடுகிறாள். பிறகு, சொல்லிவைத்தபடி, இரண்டு நிமிடம் முகத்தில் எந்த அசைவும் காட்டாமல் குழந்தையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, குரல் கொடுக்கிறது. எதற்கும் பதில் வராதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு உடைந்து அழுகிறது. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் தம் மடியில் கிடந்த குழந்தையை ஒரு முறை குனிந்து பார்த்தோம். குழந்தைக்கு அந்த வயதில் என்ன தெரியும் என்று கேட்கிறவர்களுக்கு அந்த இரண்டு நிமிடங்களே விடை.

காணொளியோடு நிறுத்தியிருந்தால் அது தாய்மாரை அச்சுறுத்தும் வேலையாகவே முடிந்திருக்கும். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே பால் கொடுத்ததற்கெல்லாம் குற்ற உணர்வு வந்திருக்கும். உளவியலாளர் அங்கே நிறுத்தவில்லை. நல்ல முறையில் பழகும் தாயும் குழந்தையும்கூட ஒருவருக்கொருவர் இசைந்திருப்பது மொத்த நேரத்தில் ஏறக்குறைய பத்தில் மூன்று பங்குதான் என்றும், எஞ்சிய நேரமெல்லாம் தவறவிடுவதும் மறுபடி கண்டுபிடித்துச் சேர்வதுமாகவே கழிகிறது என்றும், அப்படி மீண்டும் மீண்டும் சேர்வதில்தான் குழந்தை நம்பிக்கையைக் கற்கிறது என்றும் அதே ட்ரானிக்கின் ஆய்வைக் கொண்டே விளக்கினார். பிரிட்டிஷ் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாளருமான டொனால்ட் வினிகாட், குறையற்ற தாயைத் தேடாமல் போதுமான அளவுக்கு நல்ல தாயைப் பற்றி 1950-களிலேயே எழுதியதையும் சொன்னார். எனக்கு இந்த வகுப்பில் மிகவும் பிடித்த அரைமணி நேரம் அதுதான்.

மூன்றாவது வகுப்பு அழுகை பற்றியது. வகுப்பு முழுவதிலும் கட்டிய பணத்துக்கு ஈடாக நான் கருதுவது இந்த ஒன்றரை மணி நேரத்தை.

பிறந்து இரண்டு வாரத்தில் அழுகை கூடத் தொடங்கி, ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்துக்குள் தணிகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெர்ரி பிரேசல்டன் 80 குழந்தைகளின் தாய்மாரை நாட்குறிப்பு எழுதவைத்து 1962-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஆறு வாரக் குழந்தை நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம் அழுகிறது. அதுவும் பெரும்பாலும் மாலை மயங்கிய பிறகு. பசியில்லை, ஈரமில்லை, காய்ச்சலில்லை, இருந்தும் அழுகிறது என்றால் தாயின் பாலில் குறை என்றோ, கண்ணேறு என்றோ, சீர் தட்டிவிட்டது என்றோ எங்கள் பக்கம் சொல்வார்கள். எல்லாக் காரணங்களும் சுற்றிச் சுற்றி ஏதோ ஒரு வழியில் பெற்றவளிடமே வந்து நிற்கும். கரும்பலகையில் ஒரு கோட்டை மலைபோல் ஏற்றி இறக்கி வரைந்து, உங்கள் குழந்தை இப்போது இந்த ஏற்றத்தில் இருக்கிறது என்று புள்ளி வைத்துக் காட்டியபோது, எனக்கு முன்னால் இருந்த ஒரு பெண் ஓசையில்லாமல் அழுதார். அவருடைய குழந்தைக்கு அன்று 39-ஆவது நாள்.

பின்பு உளவியலாளர், அந்த உச்சத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு வந்தார். பச்சிளங்குழந்தையின் தலை உடம்பின் நீளத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு; அதைத் தாங்கும் கழுத்துத் தசைகளோ வலுவற்றவை. தோள்களைப் பிடித்துக் குலுக்கினால் தலை முன்னும் பின்னும் வீசப்படுகிறது, மூளைக்கும் மண்டையோட்டுக்கும் இடையில் உள்ள மெல்லிய இரத்தக்குழாய்கள் அறுகின்றன, விழித்திரையிலும் இரத்தம் கசியலாம். வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. 1971-இல் பிரிட்டிஷ் நரம்பியல் அறுவை மருத்துவர் கத்கெல்ச்சும், அதன்பின் அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர் ஜான் காஃபியும் இதை எழுதும் வரை இத்தகைய குழந்தைகள் ஏன் வலிப்பு வந்து இறக்கின்றன என்பது மருத்துவர்களுக்கே தெளிவாகத் தெரியவில்லை. அடிபட்ட குழந்தைகளின் எலும்பு முறிவுகளைத் தொகுத்து, இதைச் செய்தவர்கள் பெரும்பாலும் பெற்றோரே என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஹென்றி கெம்பேயும் அவருடன் பணியாற்றியவர்களும் எழுதியதே 1962-இல்தான்.

செய்ய வேண்டியதாக அவர் சொன்னது மிக எளியது. அழுகை தாங்க முடியாமல் போகும்போது குழந்தையைப் பாயில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு திண்ணைக்குப் போங்கள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம் கழித்து வந்து பாருங்கள். பத்து நிமிட அழுகையால் எந்தக் குழந்தைக்கும் எதுவும் ஆகாது. குழந்தையை அழவிட்டுப் போகிறவள் தாயே இல்லை என்று கேட்டு வளர்ந்த பெண்களுக்கு ஒரு மருத்துவமனை வாய்திறந்து இந்த அனுமதியைக் கொடுப்பது சிறிய செய்தியன்று.

இங்கே என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் போனால் இந்த மதிப்பீடு நேர்மையாக இருக்காது. 1993-இல், இதே மகள் இரண்டாவது மாதத்தில் இருந்தபோது, என் கணவர் திருப்பூரில் வேலையாக இருந்தார். விடுப்பு முடிந்து நான் பள்ளிக்குத் திரும்ப நான்கு நாள்தான் மீதியிருந்தது. ஓர் இரவு அவள் நிறுத்தாமல் அழுதபோது, இரு தோள்களையும் பிடித்து ஒரு முறை குலுக்கினேன். ஒரே ஒரு முறை. அவளுக்கு எதுவும் ஆகவில்லை. யாரிடமும் நான் சொல்லாத அதை, பேச விரும்புகிறவர்கள் பேசலாம் என்று அன்று உளவியலாளர் சொன்னபோது சொல்லிவிட்டேன். அவர் என்னைத் தேற்றவும் இல்லை, கண்டிக்கவும் இல்லை. அந்த இரவு வீட்டில் வேறு யார் இருந்தார்கள் என்று மட்டும் கேட்டார். ஒருவரும் இல்லை என்றேன். திரும்பும்போது ஆட்டோவில் வெகுதூரம் பேசாமல் வந்த மகள், "நீயுமாம்மா?" என்று கேட்டாள். அந்த "உம்"மை எனக்கு இலக்கணம் சொல்லி விளக்க வேண்டியிருக்கவில்லை. அன்று முதல் மாலை ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை பேத்தி என் தோளில்தான்.

நான்காவது வகுப்பு மனச்சோர்வு பற்றியது. இங்கேதான் இந்தச் சேவையின் பெரிய தவறும் நடந்தது. எடின்பரோ அளவுகோல் என்று ஒரு படிவம் உண்டு. ஸ்காட்லாந்தில் 1987-இல் உருவானது. கடந்த ஏழு நாட்களைப் பற்றிப் பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பூச்சியம் முதல் மூன்று வரை மதிப்பெண். நோயை முடிவு செய்வதற்கானதன்று. யாரிடம் இன்னும் விரிவாகப் பேச வேண்டும் என்று சலித்தெடுப்பதற்கானது. பத்தாவது கேள்வி, தனக்குத் தானே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. ஒரு தாய் தனியாக உட்கார்ந்து, தானே படித்து, தானே குறியிட வேண்டிய தாள் அது. அந்தத் தாளை மலையாளத்தில் மட்டும் கொடுத்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒரு செவிலியர் ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் உரக்கச் சொல்லி, கையைத் தூக்கச் சொல்லாத குறையாக விடையைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். துணைக்கு வந்த மாமியார்கள் பக்கத்திலேயே அமர்ந்திருந்தார்கள். பத்தாவது கேள்விக்கு எல்லாரும் இல்லை என்றார்கள். வேறு என்ன சொல்வார்கள்?

வேலூர் மாவட்டம் கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் நடத்தி 2002-இல் வெளியிட்ட ஆய்வொன்றை அதே வகுப்பில் அதே உளவியலாளர் எங்களுக்குச் சொன்னார் என்பதுதான் இதில் வேடிக்கை. அங்கே 100-க்கு 11 பேருக்குப் பேற்றுக்குப் பின் மனச்சோர்வு வந்திருந்தது. குறைந்த வருமானம், கருவுற்ற காலத்தில் நேர்ந்த இழப்புகள், வீட்டு வேலையில் கைகொடுக்க ஆளில்லாமை, ஆணை எதிர்பார்த்திருக்கப் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் உள்ள பிணக்கு ஆகியவை காரணங்களாக அந்த ஆய்வில் தெரிந்தன. மாமியாரோடு உள்ள பிணக்கு ஒரு காரணம் என்று தெரிந்த ஒருவர், மாமியார் கேட்கும்படி விடையைச் சொல்லவைத்ததை நான் எப்படி விளங்கிக்கொள்வது? எடின்பரோ அளவுகோலின் தமிழ் வடிவத்தை வேலூர் ஆய்வாளர்கள் சோதித்து 2005-இலேயே வெளியிட்டிருக்கிறார்கள். ஒரு நகல் எடுக்கும் செலவு இரண்டு ரூபாய்.

கட்டணமில்லா மனநல உதவி எண் 14416-ஐப் பலகையில் எழுதிப் போட்டது நல்லது. தமிழிலும் பேசலாம் என்று சொன்னார்கள். அதைக்கூட அந்தத் தாளின் கீழே அச்சிட்டிருந்தால் யாருக்கும் தெரியாமல் வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கலாம்.

ஐந்தாவது வகுப்பு பாட்டிகளுக்கு என்று தனியாக வைத்திருந்தார்கள். மூக்கில் ஊதுவது, காதில் எண்ணெய் விடுவது, பிறந்ததும் சேனை தொட்டுவைப்பது, தேன் தடவுவது எல்லாவற்றையும் கைவிடச் சொன்னார்கள். சரி, அவற்றில் எனக்கு வாதமில்லை. ஆனால் அதே மூச்சில் காலில் கிடத்தி எண்ணெய் தேய்ப்பதையும், தாலாட்டையும், பேச்சு வராத குழந்தையோடு வாயோயாமல் பேசுவதையும் பழங்கால வழக்கம் என்று புன்னகையோடு ஒதுக்கியது எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டாவது வகுப்பில் காணொளி போட்டு வெள்ளைக்காரத் தாய் செய்வதாகக் காட்டியது, அந்தப் பேச்சைத்தானே? பிள்ளைத்தமிழ் பாடியவர்கள் ஐந்தாம் மாதத்துத் தலையசைப்புக்குச் செங்கீரை என்றும், ஒன்பதாம் மாதத்துக் கைகொட்டலுக்குச் சப்பாணி என்றும் பருவம் வகுத்து வைத்தார்கள் என்றால், குழந்தையைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சொல்லித்தான் வகுத்திருப்பார்கள். நான் இதைச் சொன்னபோது குறித்துக்கொண்டார்கள். ஆனால் என் பக்கத்துக் குறையையும் சொல்லிவிட வேண்டும்: நான் கேட்ட தாலாட்டுகளில் யார் அடித்து அழுகிறாய் என்று மாமனையும் அத்தையையும் பாட்டியையும் வரிசையாக விசாரிக்கிறார்கள், பாடுகிறவளை மட்டும் யாரும் விசாரிப்பதில்லை.

ஆறாவது வகுப்பு தந்தையருக்கு. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வைத்தால் பதினொரு பேரில் இரண்டு பேர்தான் வருவார்கள், அப்படியே ஆயிற்று. என் மருமகன் கோயம்புத்தூரில் பம்பு நிறுவனத்தில் வேலை செய்கிறார், வாரத்தில் அவருக்கு ஞாயிறு மட்டும்தான் விடுமுறை. இதற்கு மேல் அந்த வகுப்பைப் பற்றி எழுத எதுவுமில்லை.

ஏழாவது வகுப்பின் தலைப்பு குழந்தைகள் மீதான வன்முறை. மற்ற வகுப்புகளை எடுத்தவர் அன்று வரவில்லை. வெளியிலிருந்து ஒருவரை அழைத்திருந்தார்கள். மத்திய அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வைத் திரையில் போட்டார்: 13 மாநிலங்கள், 12,447 குழந்தைகள், மூன்றில் இரண்டு பேர் அடிபட்டவர்கள், குடும்பத்துக்குள் அடிபட்டவர்களில் பெரும்பாலோரைப் பெற்றோரே அடித்திருந்தார்கள். உண்மையான, முக்கியமான எண்கள்தாம். ஆனால் அந்த ஆய்வு ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடத்தியது. இரண்டு மாதக் குழந்தையை மடியில் வைத்திருப்பவர்களுக்கு அதிலிருந்து அச்சத்தைத் தவிர எதுவும் கிடைக்கவில்லை. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தை மீதான பாலியல் குற்றத்தை அறிந்தவர் அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம் என்பதையும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம் என்பதையும் சொன்னார். அவை தெரிந்திருக்க வேண்டியவை. இருந்தும், மூன்றாவது வகுப்பில் நாங்கள் எல்லாரும் குற்றத்துக்கு எவ்வளவு அருகில் நிற்கிறோம் என்று கண்டோம். ஏழாவதில் குற்றவாளி எங்கோ வெளியில் இருக்கும் கொடியவன் ஆகிவிட்டான். அடிபட்டு வளர்ந்தவர்கள் எல்லாரும் அடிப்பதில்லை, தமக்கு வலித்ததை இன்னும் உணர முடிகிறவர்கள் பெரும்பாலும் அடிப்பதில்லை என்று 1975-இல் அமெரிக்க உளப்பகுப்பாளர் செல்மா ஃப்ரைபெர்க் எழுதியதை எங்கள் உளவியலாளர் முன்பொரு நாள் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். அதை விரித்திருந்தாலே அந்த நாள் வீணாகியிருக்காது.

எட்டாவது வகுப்பில் சான்றிதழும் நிழற்படமும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இதுவே என் கடைசிக் குறை. இந்தத் துறையில் மிக உறுதியாகப் பேசும் ஆய்வுகள், தாயை மாடிக்கு வரவழைத்தவை அல்ல, அவள் வீட்டுக்குப் போனவை. நியூயார்க் மாநிலத்து எல்மைரா என்ற ஊரில் டேவிட் ஓல்ட்ஸ் 1977-இல் தொடங்கிய ஆய்வில் 400 பெண்கள் சேர்ந்தார்கள். கருவுற்றது முதல் குழந்தையின் இரண்டாம் பிறந்தநாள் வரை செவிலியர் வீட்டுக்கு வந்து போன குடும்பங்களில், குழந்தைக்கு 15 வயதாகும்போது, கொடுமை அல்லது புறக்கணிப்பு என்று பதிவான நிகழ்வுகள் மற்றக் குடும்பங்களைவிட ஏறக்குறைய பாதியாக இருந்தன. பாகிஸ்தானில் ராவல்பிண்டிக் கிராமங்களில், சில நாள் பயிற்சி பெற்ற சாதாரண சுகாதாரப் பெண் ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று மனச்சோர்வுள்ள தாய்மாரோடு பேசினார்கள். அதிஃப் ரஹ்மான் குழுவினர் 2008-இல் வெளியிட்டபடி, ஆறு மாதத்தில் மனச்சோர்வோடு இருந்தவர்கள் அவர்கள் போன இடங்களில் 23 விழுக்காடு, மற்ற இடங்களில் 53.

எங்கள் தெருவுக்கும் அப்படி ஒருவர் வந்துகொண்டுதான் இருக்கிறார். மருத்துவமனையில் பிறந்த குழந்தையை மூன்றாம் நாளிலிருந்து 42-ஆம் நாள் வரை ஆறு முறை ஆஷா என்னும் ஊர்ச் சுகாதாரப் பெண் ஊழியர் வந்து பார்க்க வேண்டும் என்பது 2011 முதல் நாடெங்கும் உள்ள திட்டம். வந்தார், எடை பார்த்தார், தொப்புளைப் பார்த்தார், காய்ச்சல் பார்த்தார். இரவில் தூங்குகிறாயா என்று மகளை அவர் கேட்டிருந்தால், நான் நினைக்கிறேன், எட்டு வகுப்பில் பாதி அந்தத் திண்ணையிலேயே முடிந்திருக்கும். தனியார் மருத்துவமனையிடம் அதை எதிர்பார்க்க முடியாது என்றாலும், 2,400 ரூபாயில் வகுப்பு முடிந்த மறுமாதம் ஒரு தொலைபேசி அழைப்பாவது அடங்கியிருக்கலாம்.

போகலாமா என்று கேட்டால், போகலாம் என்பேன். பிரசவத்துக்கு முந்தைய மாதத்திலேயே போவது இன்னும் நல்லது, ஏனென்றால் அழுகையின் மலை வரைபடம் மலையேறும் முன் கையில் இருக்க வேண்டியது. ஏழாவதைத் தவறவிட்டாலும் மூன்றாவதைத் தவறவிடாதீர்கள். தலையணை ஒன்றைக் கொண்டு போங்கள், அங்கே இல்லை. அடுத்த பிரிவுக்கு மகளின் நாத்தனார் பெயர் கொடுத்திருக்கிறார். உடுமலையில் படித்தவர், மலையாளம் ஓர் எழுத்தும் தெரியாது. படிவம் தமிழில் வேண்டும், அதைத் தனியாக உட்கார்ந்து நிரப்ப இடம் வேண்டும், இரண்டுக்கும் சம்மதித்தால்தான் பணம் கட்டுவோம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதினாறு நாள் ஆகிறது, பதில் இன்னும் வரவில்லை.